இந்தா வந்துட்டேன்

ஐஸ் கம்பெனித் தெருவில் பொழுது சாய்வதைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் பார்க்கும் வழக்கம் ஒழிந்து பல வருஷம் ஆகியிருந்தது. தெருமுனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் முக்கிலிருந்து பால்துரையின் குரல் கேட்டால் பொழுது சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். "இந்தா வந்துட்டேன்" என்று அந்தக் குரல் சொல்லும். உடனே தவசிமுத்து அண்ணாச்சி தன் டீக்கடையில் லைட்டைப் போடுவார், டியூஷன் டீச்சர் பிள்ளைகளை வீட்டுக்கு விடுவாள், கோழிகள் யாரும் விரட்டாமலே கூண்டுக்குள் போகும், தெருவின் நடுவீட்டு வாசலில் நின்று வள்ளிமயில் "சரி, வாங்க" என்று பதில் சொல்லுவாள். அதோடு அன்றைய காரியம் முடிந்தது. பால்துரை மட்டும் வரமாட்டான்.

அவன் உப்பு லாரியில் லோடு ஏற்றுகிறவனாக இருந்தவன். நல்ல மனுஷன், குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது, எதற்கெடுத்தாலும் "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லுவான் என்பதைத் தவிர அவன்மேல் ஒரு குறை சொல்லமுடியாது. அதுவும் குறையா என்ன? நம் ஊரில் செருப்பு மாட்டாதவனும், பாதி வழியில் நிற்கிறவனும், வரவே போவதில்லை என்று முடிவெடுத்தவனும் ஒரே வார்த்தையைத்தானே சொல்கிறார்கள். நடக்காத ஒன்றை நடந்து முடிந்துவிட்டதாகச் சொல்லிக் கேட்பவர் வாயை அடைப்பதில் நமக்கு அப்படி ஒரு ஆசை. பால்துரையும் அப்படித்தான் ஒருநாள் சாயங்காலம், சட்னிக்குக் கொத்தமல்லி இல்லை என்று வள்ளிமயில் சொன்னதும், "போய்ட்டு வாரேன்" என்று முறையாகச் சொல்லிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்குக்குப் போனான். அவள் கல்லில் தோசையை ஊற்றினாள், திருப்பினாள், தட்டில் எடுத்து வைத்தாள். ஆள் வரக்காணோம். வாசலுக்கு வந்து, "தோசை ஆறுது, வாங்க" என்று கூப்பிட்டாள். முக்கிலிருந்து குரல் வந்தது.

தோசை ஆறியது. மறுநாள் பொழுது சாயும்போது குரல் மறுபடி வந்தது, ஆள் வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே.

முதலில் வள்ளிமயில் ஓடிப் போய்ப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மகள் அனுசியாவும் ஓடினாள், அப்போது அவள் ஆரம்பப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். முக்கில் நின்று கேட்டால் குரல் முக்குக்கு அந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் போய் நின்றால் இந்தப் பக்கம் கேட்கும். நடுவில் டிரான்ஸ்பார்மரும், அதில் மாட்டியிருந்த மண்டையோட்டுப் படம் போட்ட தகடும், காய்கறித் தள்ளுவண்டியும்தான் இருந்தன. தள்ளுவண்டிக்காரர், "கொத்தமல்லி வாங்கிட்டுச் சில்லறைகூட எண்ணிப் பாத்துத்தாம்மா வாங்கினாரு, அந்தா அந்தப் பக்கமா திரும்பினாரு" என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னார். திரும்பியதற்கும் வருவதற்கும் நடுவில் அவன் எங்கேயோ மாட்டிக்கொண்டான் என்று தெரு புரிந்துகொண்டது. எப்படி என்று கேட்க அவரவர்க்கு வேலை இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பொழுது சாயத் தானே நேரில் வந்து முக்கில் நின்றும் பார்த்தார். குரல் கேட்டது. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "காணாமப் போனாருன்னு எழுதணும்னா ஆளு சத்தம் கேக்கக் கூடாதும்மா. இவரு வந்துட்டேங்காரு. நான் என்னன்னு எழுத?" என்று சொல்லிவிட்டு, தவசிமுத்து கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். தாலியை என்ன செய்வது என்ற பேச்சும் ஒருதரம் வந்தது. "வந்துட்டேன்னு தெனமும் சொல்லுத மனுசனுக்கு எவளாவது தாலி அறுப்பாளா?" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் மைனி கேட்டாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆக, வள்ளிமயில் புருஷன் இருக்கிறவள் இல்லை, இல்லாதவளும் இல்லை, தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு வாசலைப் பார்க்கிறவள் என்று ஆனாள்.

பதில் சொல்லுவது எப்படிப் பழக்கமானது என்று அவளுக்கே நினைவில்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியிருக்கும். ஆனால் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது ஒரு மழைக்காலத்தில் தெருவுக்கே தெரியவந்தது. குடல்வால் வீங்கி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அன்று பொழுது சாயக் குரல் கேட்டது, பதில் இல்லை. மறுபடி கேட்டது. மறுபடி, மறுபடி. இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன் என்று இடைவெளி குறைந்துகொண்டே போய், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, சந்தையில் அம்மாவைத் தொலைத்த பிள்ளையின் குரலாக அது மாறியது. நாய்கள் தெருவில் நின்ற உப்பு லாரிக்கு அடியில் போய்ப் படுத்தன. உறை ஊற்றாத பால் எல்லா வீட்டிலும் திரிந்தது. கைப்பிள்ளைகள் முலையைக் கவ்வ மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. விடிந்ததும் தெரு ஆண்கள் ஆட்டோ பிடித்துப் போய், தையல் பிரிக்காத உடம்போடு அவளைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் "சரி, வாங்க" என்றாள். குரல் நின்றது. வரும்போது ஆட்டோவிலிருந்தே அவள் அதைக் கேட்டுவிட்டாள். வயிற்றில் போட்ட தையல் வலித்ததைவிட அந்தக் குரல் அவளுக்கு வலித்தது.

அதற்குப் பிறகு தெரு அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. பால் வாசலுக்கு வந்தது, காய்கறி வாசலுக்கு வந்தது, ரேஷன் அரிசியை யாராவது ஒருவர் சுமந்துவந்து இறக்கிவைத்தார்கள். பகலில் உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வருகிறவளை, நாலு மணிக்கு மேல் யாரும் எங்கேயும் போகவிட மாட்டார்கள். "எங்க கெளம்பிட்ட?" என்று ஒருத்தி கேட்பாள். "நான் வாங்கிட்டு வாரேன், நீ இரி" என்று இன்னொருத்தி பையைப் பிடுங்கிக்கொள்வாள். சினிமா இல்லை, கடற்கரை இல்லை, திருவிழாவில் தேர் பார்க்கப் போவது இல்லை. இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்த அவள் அம்மா செத்தபோது, காலையில் போனவள், உடம்பைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் திரும்பி வந்தாள், பொழுது சாய்வதற்குள் வந்து சேரவேண்டும் என்பதற்காக. பஸ்ஸில் அழக்கூட நேரமில்லாதவள் மாதிரி, எத்தனை மணி, எத்தனை மணி என்று பக்கத்து சீட்டில் கேட்டுக்கொண்டே வந்தாள். வந்து தோசை ஊற்றினாள். "சரி, வாங்க" என்றாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்காக அழுதாள். தெரு அதையும் பார்த்து, என்ன மனவுறுதி என்று மெச்சியது.

மெச்சுவதோடு நின்றார்களா? வெளியூரிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். வளைகுடாவுக்குப் போன புருஷன்கள், கடலுக்குப் போன புருஷன்கள், மதுரைக்கு என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போகாத புருஷன்கள், இப்படிப் பலவிதமான புருஷன்களுக்காகக் காத்திருந்த பெண்கள் அவள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, குரல் கேட்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தவசிமுத்து அண்ணாச்சி டீக்கடையில் கூடுதலாக ரெண்டு பெஞ்சு போட்டார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் சப்பரம் முக்குக்கு வந்தால் பால்துரை குரல் கொடுக்கும்வரை நின்றுதான் நகரும். வாங்கிய கைமாற்றை இழுத்தடிப்பதற்கு "பால்துரைக் கணக்கு" என்று பேர் வந்தது. ஊர் மாதர் சங்கத்தில் ஆண்டு விழாவுக்கு அவளைக் கூப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதற்காக விழாவையே மத்தியானத்துக்கு மாற்றி, பொன்னாடை போர்த்தி, "மனவுறுதிச் செம்மல்" என்று எழுதிய கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் துன்பம் வந்தால் கலங்காமல் நிற்பதுதான் பெருமை என்று பேசினார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த வள்ளிமயில், நிற்பது என்ற சொல்லே அவர்கள் வாயில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தாள். ஒருவர்கூட நடப்பது என்று சொல்லவில்லை. கேடயத்தை டி.வி. மேல் வைத்தாள். தூசி துடைக்க ஒரு பொருள் கூடியது, அவ்வளவுதான்.

அனுசியா அந்தக் குரலுக்குள்ளேயே வளர்ந்தாள். சின்னவளாக இருந்தவரை தினமும் முக்குக்கு ஓடினாள். ஒருநாள் ஓடவில்லை. அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாடம் படிப்பாள். கல்யாணத்தை மண்டபத்தில் வைக்க முடியாமல் தெருவிலேயே பந்தல் போட்டுச் செய்தார்கள். கார் ஏறும்போது, "போய்ட்டு வாரேம்மா" என்று அம்மாவிடம் சொன்னாள், முக்கைக் கடக்கும்போது கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்டு. அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அதைப் பற்றி யாரும் அப்போது பெரிதாக யோசிக்கவில்லை.

யோசிக்கவேண்டிய நாள் ஒரு பகலில் போனில் வந்தது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர வள்ளிமயில் நாள் பார்த்து வைத்திருந்தாள்.

"என்னால வரமுடியாதும்மா" என்றாள் அனுசியா. "பிரஷர் ரொம்பக் கூடிப்போச்சாம். கைகால் எல்லாம் வீங்கிக் கெடக்கு. கட்டிலை விட்டு அசையவே கூடாதுன்னுட்டாங்க டாக்டர். அவுக டூட்டிக்குப் போய்ட்டா தண்ணி எடுத்துத் தர ஆள் இல்லம்மா. நேத்து கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பயமா இருக்கு. நீ வாயேன்."

பதறிய வாய்க்கு எது பழக்கமோ அதுதான் வரும். "இந்தா வந்துட்டேன் மக்கா" என்றாள் வள்ளிமயில்.

போனில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அனுசியா, "அப்பா மாதிரி சொல்லாதம்மா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

வள்ளிமயில் தெருவில் இறங்கி, மகளிடம் போகவேண்டும் என்று சொன்னாள். அன்று சாயங்காலமே தவசிமுத்து அண்ணாச்சி கடைக்கு முன்னால் தெரு கூடியது. கெட்டவர்கள் யாரும் இல்லை, எல்லோரும் அவளுக்கு உதவி செய்யத்தான் கூடினார்கள். ரேடியோ செட் வைத்திருக்கும் கனகு ஒரு யோசனை சொன்னான். வள்ளிமயில் "சரி, வாங்க" என்று சொல்லுவதைப் போனில் பதிவு செய்து, கோயில் கொடைக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் ஆயிற்று. போட்டுப் பார்த்தார்கள். அவள் குரல் தெரு முழுக்க முழங்கியது. பால்துரையின் குரல் கொஞ்சம் யோசித்து, பிறகு முன்னைவிடப் பரிதாபமாக "இந்தா வந்துட்டேன்" என்றது. பாக்கியத்தாய் மைனி, வள்ளிமயிலின் புடவையைக் கட்டிக்கொண்டு, அவள் மாதிரியே தலையைச் சாய்த்து வாசலில் நின்று, மூக்கால் "சரி, வாங்க" என்று பேசிப் பார்த்தாள். மைனியின் செத்துப்போன புருஷனேகூட ஏமாந்திருப்பான், அவ்வளவு பொருத்தம். குரல் ஏமாறவில்லை. கடைசியில் வள்ளிமயிலே போய் நின்று சொன்ன பிறகுதான் நாய்கள் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தன.

"என்ன செய்ய தாயி, நீதான் வேணுங்காரு" என்றார் தவசிமுத்து. அதில் அவருக்கு வருத்தமும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. "பிள்ளைக்கு ஒரு நர்ஸம்மாவ ஏற்பாடு பண்ணிருவோம். செலவத் தெருவே கையிலருந்து போடும். நீ ரோசிக்காத."

"அவ நர்ஸம்மாவக் கேக்கல அண்ணாச்சி. என்னயக் கேக்கா."

"போய்ட்டு எப்பம் வருவ?"

"தெரியல."

"அதுவரைக்கும் இந்தத் தெருவுல மனுசன் இருக்கவேண்டாமா? கைப்பிள்ளைக்காரிக எத்தன பேரு இருக்காளுவ."

மகளிடம் போகவிடுங்கள் என்று அவள் மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். அவள் கேட்கக் கேட்கத் தெருவின் பேச்சில் ஒரு சொல் மாறியது. அதுவரை அவளிடம் இருந்தது மனவுறுதி. இப்போது அதையே நெஞ்சழுத்தம் என்றார்கள். "ஊரு நாறிப்போனாலும் சரி, நான் போவேன்னு நிக்காளே, என்ன நெஞ்சழுத்தம்" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அதே பொம்பளை, அதே நெஞ்சு. ஊருக்கு வசதியாக இருந்தால் ஒரு பேர், வசதிப்படாவிட்டால் இன்னொரு பேர். எனக்கு அந்தத் தெருவின்மேல் கோபம் வருகிற இடம் இதுதான், ஆனால் நான் அங்கே குடியிருந்திருந்தால் என் வீட்டுப் பாலும் திரிந்திருக்கும் என்பதால் அதிகம் பேசுவதற்கில்லை.

பாக்கியத்தாய் மைனி மட்டும் உள்ளபடியே பிரியத்தோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏளா வள்ளி, மனசக் கல்லாக்கிக்கோ. நீ பாக்காத கஷ்டமா?"

"ஏற்கெனவே வச்ச கல்லே எடுக்கமுடியாமக் கெடக்கு மைனி. இதுக்கு மேல எங்க வைக்க?" என்றாள் வள்ளிமயில்.

தெரு அவளைப் பிடித்துவைத்திருந்தது உண்மைதான். ஆனால் தெருவை மட்டும் சொல்லிப் பயனில்லை. பஸ் ஏறிப் போய்விட்டால் யார் வந்து காலைப் பிடித்து இழுக்கப்போகிறார்கள்? அவளைக் கட்டிப்போட்டது அந்தப் பிள்ளைக் குரல்தான். பதில் கிடைக்காமல் முக்கில் நின்று அவன் அப்படி அழுவான் என்று தெரிந்துகொண்டே எப்படிப் போவது? போனால் அவனைக் கைவிட்ட பாவம், போகாவிட்டால் மகளைக் கைவிட்ட பாவம். வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில் அவள் நடந்துகொண்டே இருந்தாள். அனுசியாவின் போன் அதற்குப் பிறகு வரவில்லை. மாப்பிள்ளைதான் பேசினான், "அவ பேச வேண்டாங்கா அத்தை, கண்ணு சரியாத் தெரியலங்கா, நாளைக்கு ஆஸ்பத்திரியிலயே சேத்துரலாம்னு சொல்லுதாங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அன்றைக்கும் பொழுது சாய்வதற்கு முன்னால் கை தானாகத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தது. மாவை ஊற்றி வட்டமாகத் தேய்த்தாள். எண்ணெய் விட்டாள். ஓரம் சிவந்து, வீடு முழுக்க வாசம் அடித்தது. தட்டில் எடுத்து வைத்தாள். இது ஆறும், நாளைக் காலையில் இதைப் பிய்த்துக் காக்கைக்குப் போடுவேன், அங்கே ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கமுடியாமல் படுத்துக் கிடக்கிறாள் என்று நினைத்தாள். இத்தனை வருஷத்துத் தோசைகளும் ஆறித்தான் போயின. எதற்காக? வாங்க, வாங்க என்று நாம்தான் தினமும் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், கூப்பிட்டவள் நிறுத்தாதவரை வருகிறவன் எப்படி நிறுத்துவான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவனைப் போகவும் விடாமல், வரவும் விடாமல், ஒரு கொத்தமல்லிக் கட்டோடு முக்கில் நிறுத்திவைத்திருப்பது தெருவும் இல்லை, விதியும் இல்லை, அவளுடைய அந்த ஒரு வார்த்தைதான்.

தரையில் உட்கார்ந்து அந்தத் தோசையைச் சூடாகத் தின்றாள். நாக்கு சுட்டது. இவ்வளவு ருசியாகவா இத்தனை காலம் ஊற்றிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு அழுகையே வந்தது. அடுப்பை அணைத்தாள். இரண்டு புடவை, பிரசவ லேகியம், மகளின் பழைய கம்பளி எல்லாவற்றையும் பையில் அடைத்தாள். அத்தனை வருஷமாகப் பூட்டாத கதவுக்குப் பூட்டுத் தேடி, கிடைக்காமல், கதவை வெறுமனே சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

அவள் பையோடு முக்கை நோக்கி நடப்பதைப் பார்த்ததும் வீடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. யாரும் மறிக்கவில்லை, எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டார்கள். தவசிமுத்து அண்ணாச்சி லைட் சுவிட்சில் கைவைத்தபடி நின்றார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. மனசைக் கல்லாக்கிக்கொள் என்று ஊரே சொல்லியும் அன்று அவள் மனசு கல்லாக இல்லை. பிசைந்த மாவு மாதிரி இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் நடந்தாள்.

டிரான்ஸ்பார்மருக்குக் கீழே வந்து நின்றாள். பொழுது சாய்ந்தது.

"இந்தா வந்துட்டேன்" என்றது குரல், மிகப் பக்கத்தில், அவள் தோளுக்குப் பின்னால்.

வள்ளிமயில் வாயைத் திறந்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

அந்தச் சொல்லை அந்தத் தெருவில் அதற்கு முன் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடைக்குப் போகிறவனும் போய்ட்டு வாரேன் என்பான், கக்கூசுக்குப் போகிறவனும் போய்ட்டு வாரேன் என்பான். சின்ன வயசில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னதற்காக வள்ளிமயிலின் அப்பா அவள் வாயிலேயே ஒரு போடு போட்டிருக்கிறார். போறேன் என்று சொன்னால் ஒன்று சொன்னவர் திரும்ப மாட்டார், இல்லை கேட்டவர் இருக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"ஏளா, போய்ட்டு வாரேன்னு சொல்லுளா" என்று பாக்கியத்தாய் மைனி பின்னாலிருந்து கெஞ்சினாள். "வாயில வராத வார்த்த வேண்டாம். மாத்திச் சொல்லிரு."

வள்ளிமயில் மாற்றிச் சொல்லவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பி, கோபம் இல்லாமல், மார்க்கெட்டில் வழி சொல்லுகிறவள் மாதிரி விளக்கமாகச் சொன்னாள். "அனுசியாவுக்கு உடம்பு சரியில்லங்க. பிள்ளை பெறப் போறா. நான் அவகிட்டப் போறேன். இனிமே நீங்க வரவேண்டாம். கொத்தமல்லிய அங்கனயே போட்டுருங்க. போறேன்."

டிரான்ஸ்பார்மர் மட்டும் ரீங்காரம் போட்டது. நாய்கள் லாரிக்கு அடியில் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றன. பிறகு முக்கிலிருந்து அந்தக் குரல், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வேறு ஒரு வார்த்தை சொன்னது.

"சரி" என்றது.

தினமும் அவள் சொன்ன அதே சரி. அதே இறக்கம், அதே அலுப்பு, அதே பிரியம். கேட்டவர்களில் அழாதவர்கள் யாரும் இல்லை, தவசிமுத்து அண்ணாச்சிகூட லைட்டைப் போட மறந்துவிட்டார். வள்ளிமயில் ஒருதரம் தலையை ஆட்டிவிட்டு முக்கைத் தாண்டினாள். காய்கறித் தள்ளுவண்டி நின்ற இடத்தில் இப்போது போன் கவர் விற்கும் கடை இருந்தது. தினமும் இந்த வழியாகத்தான் கம்பெனிக்குப் போய்வருகிறாள், இன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்டின் கடைசியில் பஸ் ஸ்டாண்டு.

மறுநாளிலிருந்து குரல் கேட்கவில்லை. தெரு சில நாள் பொழுது சாய்வது தெரியாமல் தடுமாறியது, கோழிகள் இருட்டிய பிறகும் வெளியே திரிந்தன, டியூஷன் பிள்ளைகள் அளவுக்குமேல் படித்து ஓய்ந்தன. கடைசியில் தவசிமுத்து அண்ணாச்சி டீக்கடைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினார். ஒரு பெஞ்சை எடுத்து உள்ளே போட்டார். வள்ளிமயிலைப் பற்றிப் பேசினால் மனவுறுதி என்பதா நெஞ்சழுத்தம் என்பதா என்று தெரியாமல், "அவ ஒரு மாதிரி" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

அதெல்லாம் பின்னால். அன்று பஸ் ஊரைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாப்பிள்ளை நம்பர். எடுத்தாள். பேசியது அனுசியா.

"அம்மா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எங்கம்மா இருக்க?"

பழகிய வாய் முந்திக்கொண்டது. இந்தா என்பதுவரை வந்துவிட்டது. வள்ளிமயில் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் கடைசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவள் நகர்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் வரல மக்கா" என்றாள். "பஸ்ஸுல இருக்கேன். உப்பளம் தாண்டுது. ரொம்பத் தூரம் இருக்கு. வந்துக்கிட்டு இருக்கேன்."

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு மெல்ல உடைந்து அழுகையாக மாறியது.

"சரிம்மா" என்றாள் அனுசியா. "வா."